கைடு கொடுத்த பழைய நிரல் புதிய கம்பைலரில் ஏறவில்லையா?

ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் நிரல்கள் பெரும்பாலும் ஒரே ஜாதிதான். ஒரு டார் ஃபைல். பிரித்தால் உள்ளே நிறைய ஃபோர்ட்ரான் ஃபைல்கள், கொஞ்சம் சி, எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் ஒரு மேக்ஃபைல். கடைசியாகத் திருத்திய தேதி 1996 அல்லது 1998 என்று காட்டும். கைடு தன் பிஎச்டி காலத்தில் சன் வொர்க்ஸ்டேஷனில் ஓட்டியது, பிறகு அவருடைய மாணவர் யாரோ ரெட்ஹாட்டில் ஓட்டியது. இப்போது உபுண்டுவில் மேக் என்று அடித்தால் திரை முழுக்க எரர். "சார், இதை விட்டுட்டு பைத்தானில் புதுசா எழுதிடலாமா?" என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். அந்த நிரலுக்குள் இருக்கும் இயற்பியலைப் பல கட்டுரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறார்கள். அது கெட்டுப்போகவில்லை. அதைப் படிக்கும் கம்பைலர்தான் மாறியிருக்கிறது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுதான்: வரும் எரர் எந்த வகை என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒரு வகை, மொழியின் வழக்கு மாறியதால் வருவது. அதற்குக் கம்பைலரிடம் 'இது அந்தக் காலத்து நிரல்' என்று ஒரு ஃபிளாக் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறி) மூலம் சொன்னால் போதும், நிரலைத் தொடவே வேண்டியதில்லை. இன்னொரு வகை, நிரலில் முதல் நாளிலிருந்தே இருந்த பிழை. பழைய கம்பைலர் அதைக் கண்டுகொள்ளவில்லை, புதியது பிடித்துக்கொண்டது. இரண்டையும் ஒரே ஃபிளாக்கால் வாயடைத்துவிட்டால் நிரல் கம்பைல் ஆகும், ஓடும், எண்களும் வரும். அந்த எண்கள் சரியா என்பதுதான் கேள்வி. அவை ஒருவருடைய ஆய்வேட்டில் ஏறப்போகின்றன.

ஃபிளாக்குகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். '-எஃப்காமன்' என்றால் ஒரு மைனஸ் குறி, எஃப் என்ற எழுத்து, அதோடு இடைவெளி இல்லாமல் காமன் என்ற சொல். மற்றவையும் அப்படியே. எல்லாம் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

டார் ஃபைலைப் பிரித்த உடனே அந்த ஃபோல்டரில் கிட் (மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி) தொடங்கி, ஒரு எழுத்தும் மாற்றாத மூலத்தை முதல் கமிட்டாகப் போடுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பிக்க நான் யாரையும் விடுவதில்லை. மாலையில் ஃபைல்கள் பல மாறியிருக்கும், எதை ஏன் மாற்றினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு வகைத் திருத்தத்துக்கும் தனி கமிட், ஒரு வரி விளக்கம்.

அடுத்து, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கம்பைலர் தொகுப்பான ஜிசிசியில் உங்களிடம் இருப்பது என்ன பதிப்பு என்று பாருங்கள். உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11, உபுண்டு 24.04-இல் 13, டெபியன் 13-இல் 14, ஃபெடோரா 42-இல் 15. இந்த எண் தெரிந்தாலே பாதி நோய் தெரிந்த மாதிரி. ஏனென்றால் ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட சில பழக்கங்களைத்தான் கைவிட்டது.

அப்புறம் மேக் கட்டளையை ஒரே ஜாபாக ஓட்டுங்கள். வேகத்துக்காக எட்டு ஜாப் கொடுத்தால் வேறு வேறு ஃபைல்களின் எரர்கள் கலந்து வரும், எது முதலில் வந்தது என்றே தெரியாது. வெளியீடு மொத்தத்தையும் ஒரு லாக் ஃபைலில் சேமித்து, அதில் முதல் எரரை மட்டும் படியுங்கள். ஒரு ஹெடர் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஃபைல்) கிடைக்கவில்லை என்றால் அதற்குக் கீழே நூறு எரர் வரும். அந்த நூறும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல.

மேக்ஃபைலில் '-டபிள்யூஎரர்' இருந்தால் எடுத்துவிடுங்கள் (டபிள்யூ பெரிய எழுத்து). வார்னிங் ஒவ்வொன்றையும் எரராக நடத்தச் சொல்லும் ஃபிளாக் அது. எழுதியவர் தன் காலத்துக் கம்பைலரில் ஒரு வார்னிங் கூட வராமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பும் புதிய வார்னிங்குகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அதற்காக வார்னிங் எல்லாவற்றையும் மறைக்கும் '-டபிள்யூ' (சிறிய எழுத்து) போட்டுவிடாதீர்கள். வார்னிங்குகள் வரட்டும், அவை பிறகு வேண்டும்.

சி: எந்தக் காலத்து சி என்று சொல்லுங்கள்

ஜிசிசி எந்த சி தரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறது என்பது மூன்று முறை மாறியிருக்கிறது. 2015-இல் வந்த ஜிசிசி 5 வரை 1989-ஆம் ஆண்டு சி. ஜிசிசி 5-இல் அது 2011-ஆம் ஆண்டு தரமானது. ஜிசிசி 8-இல் 2017. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-இல் சி23. 1990களின் சி நிரலுக்கு முதலில் '-எஸ்டிடி=ஜிஎன்யு89' கொடுத்துப் பாருங்கள். 2000களின் நடுவிலிருந்து வந்ததற்கு '-எஸ்டிடி=ஜிஎன்யு99' அல்லது 'ஜிஎன்யு17'. இது ஒளித்துவைக்கும் வேலை அல்ல, நிரலின் வயதை உள்ளபடி சொல்லும் வேலை.

ஜிசிசி 15-க்கு மாறியவர்களுக்கு வரும் எரர்களில் பல இதோடு போய்விடும். சி23-இல் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். பழைய ஹெடர்களில் 'டைப்டெஃப் இன்ட் பூல்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், அது உடனே இடிக்கும். இன்னொன்று, ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் வெறும் அடைப்புக்குறி. முன்பு அதற்கு 'ஆர்க்யுமென்ட் என்னவென்று சொல்லவில்லை' என்று பொருள். சி23-இல் 'ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லை' என்று பொருள். அதனால்தான் நன்றாக இருந்த ஃபங்ஷனைப் பார்த்து 'டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்' என்கிறது. தரம் 17 என்று சொன்னால் இரண்டும் அடங்கும்.

இப்போது ஜிசிசி 14. இது 2024 மே மாதம் வந்தது. மாணவர்கள் அதிகம் தவிப்பது இதில்தான். பல வருடங்களாக வெறும் வார்னிங்காக இருந்தவற்றை இது எரராக்கியது: அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, வகை எழுதாமல் விட்டதை இன்ட் என்று எடுத்துக்கொள்வது, பாயின்டரையும் (நினைவக முகவரி) இன்ட்டையும் கலப்பது, பொருந்தாத பாயின்டரைக் கொடுப்பது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இதே பாதையில் அதற்கு முன்பே, 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில் போய்விட்டது. இவற்றை மறுபடி வார்னிங்காக இறக்க ஜிசிசியில் '-எஃப்பெர்மிசிவ்' இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் அதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். காரணம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

ஒரு சி ஃபைலில் 'பொட்டென்ஷியல்' என்று ஒரு ஃபங்ஷன், டபுள் எண்ணைத் திருப்பித் தருகிறது. இன்னொரு ஃபைலிலிருந்து அதை 'பொட்டென்ஷியல்(2)' என்று கூப்பிடுகிறார்கள், ஹெடர் எதுவும் சேர்க்கவில்லை. பழைய சி விதிப்படி, தெரியாத ஃபங்ஷன் என்றால் அது இன்ட் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64 பிட் இன்டெல் லினக்ஸில் இன்ட் திரும்பி வருவது ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடம்), டபுள் திரும்பி வருவது வேறொரு ரெஜிஸ்டரில். கூப்பிட்ட இடம் தவறான ரெஜிஸ்டரைப் பார்க்கிறது, அங்கே அப்போது என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. கொடுத்த 2-க்கும் அதே கதி. இவர் இன்ட் ரெஜிஸ்டரில் வைக்கிறார், அவர் டபுள் ரெஜிஸ்டரில் தேடுகிறார். க்ராஷ் ஆகாது. ஏதோ ஒரு எண் வரும்.

பாயின்டர் தரும் ஃபங்ஷன் என்றால் வேறு மாதிரி. அணிக்கு இடம் ஒதுக்கித் தர பலரும் தாங்களே ஒரு ஃபங்ஷன் எழுதியிருப்பார்கள். அதை அறிவிக்காமல் கூப்பிட்டால் 8 பைட் முகவரியில் 4 பைட் மட்டும் மிஞ்சும். 32 பிட் இயந்திரத்தில் இரண்டும் 4 பைட் என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். 64 பிட்டிலும் சில நேரம் ஓடும். ஒதுக்கிய இடம் கீழ் முகவரிகளில் விழுந்தால் மேல் பாதி பூஜ்யம்தான், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. பெரிய அணி கேட்டால் லினக்ஸ் அதை மிக உயரமான முகவரியில் ஒதுக்கும், அப்போது விழும். 'சின்ன சிஸ்டத்துக்கு ஓடுது சார், அணுக்களை அதிகமாக்கினா செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று யாராவது வந்தால் நான் முதலில் தேடுவது அறிவிக்காத ஃபங்ஷன் பற்றிய வார்னிங்கைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன '-எஸ்டிடி=ஜிஎன்யு89' கொடுத்தாலும் அறிவிக்காத ஃபங்ஷன் எரர் மறைந்துவிடும், '-டபிள்யூஆல்' (டபிள்யூ பெரிய எழுத்து) போடாவிட்டால் வார்னிங்கூட வராது; அந்தத் தரத்தில் அது அனுமதிக்கப்பட்ட பழக்கம். அதனால் தரத்தைச் சொன்ன பிறகு, '-டபிள்யூஆல்' சேர்த்துக் கம்பைல் செய்து, லாக் ஃபைலில் 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்' என்று தேடி, வரும் ஒவ்வொன்றையும் உண்மையாகவே திருத்துங்கள். சிஸ்டம் ஃபங்ஷன் என்றால் அதன் மேன் பக்கத்தில் மேலேயே எந்த ஹெடர் என்று போட்டிருக்கும். சொந்த ஃபங்ஷன் என்றால் ஒரு ஹெடரில் அதன் அறிவிப்பை எழுதி இரண்டு ஃபைலிலும் சேர்த்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் செய்து முடித்தால் அந்த நிரல் இதுவரை இருந்ததைவிட நம்பிக்கையானது.

கம்பைல் முடிந்து லிங்க் ஆகும்போது, அதாவது துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும்போது, 'மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப்' என்று வந்தால் அது ஜிசிசி 10-இன் மாற்றம், 2020-இல் வந்தது. ஹெடரில் 'டபுள் டெம்ப்' என்று எக்ஸ்டர்ன் இல்லாமல் எழுதி, அந்த ஹெடரை ஐந்து ஃபைலில் சேர்த்திருப்பார்கள். முன்பு லிங்கர் அந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். இப்போது சேர்க்காது. '-எஃப்காமன்' கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும், இதில் பெரிய ஆபத்தும் இல்லை. ஒரே பெயரை ஒரு ஃபைலில் 100 அளவு அணியாகவும் இன்னொன்றில் 200 ஆகவும் எழுதியிருந்தால் மட்டும் பழைய முறை அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நேரம் இருந்தால் ஹெடரில் எக்ஸ்டர்ன் சேர்த்து, ஒரே ஒரு சி ஃபைலில் அசல் வரையறையை வையுங்கள். லினக்ஸ் கெர்னலிலேயே டிடிசி என்ற கருவியில் 'ஒய்ஒய்லாக்' என்ற மாறிக்கு இதே எரர் வந்தது, தேவையில்லாமல் இரண்டாவது முறை எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டுத் தீர்த்தார்கள்.

'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு ஸ்க்வேர்ரூட்' என்று வந்தால் '-எல்எம்' லிங்க் வரியின் கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மேக்ஃபைல்களில் அது முன்னால் இருக்கும். லைப்ரரி, அதைக் கேட்கும் ஃபைல்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

ஃபோர்ட்ரான்: எங்கள் துறையில் உண்மையான வேலை இங்கேதான்

பழைய மேக்ஃபைலில் கம்பைலர் பெயர் ஜி77 என்று இருக்கும். ஜிசிசி 4.0 வந்த 2005-இலேயே அது போய்விட்டது, அந்த இடத்துக்கு ஜிஃபோர்ட்ரான் வந்தது. பெயரை மாற்றிவிட்டு, கூடவே '-எஸ்டிடி=லெகசி' சேர்த்து ஓட்டுங்கள்.

ஜிஃபோர்ட்ரான் 10-இலிருந்து எல்லோரும் சந்திக்கும் எரர் 'டைப் மிஸ்மேட்ச் பிட்வீன் ஆக்சுவல் ஆர்க்யுமென்ட்' என்று தொடங்கும். ஒரே சப்ரூட்டீனை ஒரு இடத்தில் ரியல் அணியோடும் இன்னொரு இடத்தில் காம்ப்ளெக்ஸ் அணியோடும் கூப்பிட்டால் இது வரும். இப்படிக் கூப்பிடுவதற்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. டைனமிக்காக நினைவகம் ஒதுக்க வழியில்லாத ஃபோர்ட்ரான் 77-இல், மெயின் புரோகிராமில் ஒரு பெரிய வொர்க் அணியை வைத்துக்கொண்டு அதைத் துண்டு துண்டாக எல்லோருக்கும் கொடுப்பார்கள். பல புராசஸர்களுக்கு இடையே டேட்டா அனுப்பும் எம்பிஐ லைப்ரரியின் கால்களிலும் இப்படித்தான், எந்த வகை அணியையும் அதே ரூட்டீனுக்குக் கொடுப்பார்கள். இவற்றுக்கு '-எஃப்அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்' என்ற ஃபிளாக் நியாயமானது. '-எஸ்டிடி=லெகசி' கொடுத்தாலே அதுவும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் அதே ஃபிளாக் இன்னொன்றையும் வார்னிங்காக இறக்கிவிடும். சப்ரூட்டீன் டபுள் பிரெசிஷன் எதிர்பார்க்கிறது, கூப்பிட்டவர் வெறும் 1.0 என்று எழுதியிருக்கிறார். அது 4 பைட் எண். வாங்குபவர் 8 பைட் படிக்கிறார், பக்கத்தில் கிடக்கும் 4 பைட்டும் சேர்ந்து எண்ணாகிவிடும். இது வழக்கு மாற்றம் இல்லை, நிஜமான பிழை. லாக்கில் 'பாஸ்டு ரியல்(4) டு ரியல்(8)' என்று தேடுங்கள். வரும் இடங்களில் 1.0 என்பதை 1.0டி0 என்று மாற்றுங்கள். சில நேரம் இதைத் தவிர்க்க எல்லா ரியலையும் 8 பைட்டாக்கும் ஃபிளாக்கைப் போடுகிறார்கள். ஒரே நினைவிடத்தைப் பகிர வைக்கும் காமன் பிளாக்குகளிலும் ஈக்விவலன்ஸிலும் அளவுகள் தாறுமாறாகும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

எரரே வராமல் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பயப்படுவது. பழைய ஃபோர்ட்ரானில் ஒரு வரியில் 72-ஆம் காலம் வரைதான் நிரல் (காலம் என்பது இங்கே வரியில் ஒரு எழுத்துக்கான இடம்). துளை அட்டையில் 80 காலங்கள், கடைசி எட்டு அட்டையின் வரிசை எண்ணுக்கு. சன், டெக் கம்பைலர்களில் 132 காலம் வரை எழுத ஒரு ஃபிளாக் உண்டு, நிறைய பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த நிரலை ஜிஃபோர்ட்ரானுக்குக் கொண்டுவந்து அந்த ஃபிளாக்கை விட்டுவிட்டால், 72-க்கு அப்பால் இருப்பதைக் கம்பைலர் எடுத்துக்கொள்ளாது. அடைப்புக்குறி வெட்டுப்பட்டால் எரர் வரும், நல்லது. வரியின் கடைசியில் '+ சி*எக்ஸ்' என்ற ஓர் உறுப்பு முழுசாக வெட்டுப்பட்டால்? மிச்சம் இருப்பது செல்லுபடியாகும் சமன்பாடு. கம்பைல் ஆகும். பழைய வடிவ ஃபைல்களுக்கு இந்த வார்னிங் தானாக வருவதில்லை. '-டபிள்யூஆல்' (டபிள்யூ பெரிய எழுத்து) போட்டால்தான் 'லைன் ட்ரங்கேட்டட்' என்று சொல்லும். அதனால் எந்தப் பழைய ஃபோர்ட்ரானையும் முதல் முறை '-டபிள்யூஆல்' போட்டே கம்பைல் செய்யுங்கள். வெட்டுப்பட்ட வரி தெரிந்தால் '-எஃப்ஃபிக்ஸ்டு-லைன்-லெங்த்-132' சேருங்கள். அதற்கு முன் அந்தக் கடைசி எட்டுக் காலங்களில் இருப்பது சமன்பாடா, வரிசை எண்ணா என்று ஃபைலைத் திறந்து கண்ணால் பாருங்கள். வரிசை எண்களையும் நிரலாகப் படித்தால் அது வேறு கலவரம்.

பெயர் மோதலும் உண்டு. நிரலில் காமா, எர்ஃப் என்று சொந்தமாக ஃபங்ஷன் எழுதியிருப்பார்கள். ஃபோர்ட்ரான் 2008 தரத்தில் இவை மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. உங்கள் காமா இரண்டு ஆர்க்யுமென்ட் வாங்கினால் எரர் வரும். ஒன்றே வாங்கினால் எரரே வராது, உங்களுடையதற்குப் பதில் கம்பைலருடையது ஓடும். கூப்பிடும் ஒவ்வொரு ரூட்டீனிலும் 'எக்ஸ்டர்னல் காமா' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சப்ரூட்டீனுக்கு வரும் அணியை 'ஏ(1)' என்று அறிவித்திருந்தால் அது 'அளவு எவ்வளவோ இருக்கட்டும்' என்பதற்கான பழைய கையெழுத்து. புதிய கம்பைலர் அதை ஒரே ஒரு உறுப்பு என்று நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும். 'ஏ(*)' என்று மாற்றுங்கள். பாதுகாப்பான மாற்றம், தயங்க வேண்டாம்.

சி-யும் ஃபோர்ட்ரானும் கலந்த நிரலில் லிங்கர் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று சொல்லும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள், குறிப்பாகக் கடைசியில் இருக்கும் அடிக்கோட்டை. ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் ரூட்டீன் பெயருக்குப் பின்னால் ஒரு அடிக்கோடு சேர்க்கும். ஐபிஎம், எச்பி கம்பைலர்கள் வழக்கமாகச் சேர்க்காது. ஜி77, பெயருக்குள் ஏற்கெனவே அடிக்கோடு இருந்தால் இரண்டு சேர்க்கும். ஜிஃபோர்ட்ரான் எப்போதும் ஒன்றுதான். அதனால் சி ஃபைலில் 'ரீட்_கிரிட்__' என்று இருந்தால் அது ஜி77 காலத்தது. 'ரீட்_கிரிட்_' என்று ஆக்கினால் லிங்க் ஆகும். லைப்ரரி காணவில்லை என்று நினைத்து ஊரெல்லாம் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கம்பைல் ஆகி, ஓடத் தொடங்கி, பழைய டேட்டா ஃபைலைப் படிக்கும்போது விழுந்தால்: சன், எஸ்ஜிஐ இயந்திரங்கள் எண்ணின் பெரிய பைட்டை முன்னால் வைத்து எழுதின, இன்டெல் தலைகீழ். '-எஃப்கன்வர்ட்=பிக்-எண்டியன்' கொடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் இரண்டாவது முறை கூப்பிடும்போது குப்பை எண்கள் வருகின்றனவா? பழைய கம்பைலர்கள் பலவற்றில் சப்ரூட்டீனின் உள்ளூர் மாறிகள் அடுத்த அழைப்பு வரை தங்கள் மதிப்பை வைத்திருந்தன. எழுதியவர்கள் சேவ் என்று எழுதாமலே அதை நம்பினார்கள். '-எஃப்நோ-ஆட்டோமேட்டிக்' அந்த நடத்தையைத் திருப்பித் தரும்.

கான்ஃபிகர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

கணினியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்த்து மேக்ஃபைலை உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டோடு வரும் நிரல்களில் எரர் கான்ஃபிகரிலேயே ஒளிந்திருக்கலாம். அது ஒவ்வொரு வசதியையும் சோதிக்க ஒரு குட்டி சி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. பழைய கான்ஃபிகரின் குட்டி நிரல்கள் மெயினுக்கு வகை எழுதாமலே தொடங்கும். ஜிசிசி 14-இல் அந்தச் சோதனை நிரலே கம்பைல் ஆகாது. உடனே 'இந்த வசதி இந்தக் கணினியில் இல்லை' என்று கான்ஃபிகர் முடிவு கட்டிவிடும். பிறகு நிரல் தானே அந்த ஃபங்ஷனை எழுதப் பார்க்கும், சிஸ்டத்தில் இருப்பதோடு மோதும். மோதும் இடத்தில் திருத்திப் பயனில்லை. கான்ஃபிக் டாட் லாக் என்ற ஃபைலைத் திறந்து, 'நோ' என்று வந்த சோதனையின் உண்மையான எரர் என்ன என்று படியுங்கள். சிசி என்ற மாறியிலேயே 'ஜிசிசி -எஸ்டிடி=ஜிஎன்யு89' என்று கொடுத்து மறுபடி கான்ஃபிகர் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

ராஸ்பெர்ரி பை போன்ற 64 பிட் ஆர்ம் கணினியில் 'கேனாட் கெஸ் பில்ட் டைப்' என்று வந்தால், நிரலோடு வந்த கான்ஃபிக் டாட் கெஸ், கான்ஃபிக் டாட் சப் இரண்டும் அந்தச் சிப்புக்கு முந்தையவை. டெபியன், உபுண்டுவில் ஆட்டோடூல்ஸ்-டெவ் பொதியில் புதியவை இருக்கின்றன, நகலெடுத்து வையுங்கள். ஆர்மில் இன்னொன்று: அங்கே சார் வகைக்கு மைனஸ் கிடையாது. ஃபைல் முடிவை சார் மாறியில் வாங்கிச் சோதிக்கும் பழைய நிரல் முடிவில்லாமல் சுற்றும். '-எஃப்சைன்டு-சார்' அதற்கு.

பிழை உங்கள் நிரலில் இல்லாமல் சிஸ்டம் லைப்ரரியில் நடந்த மாற்றத்தாலும் வரலாம். எம்4 என்ற மேக்ரோ கருவியின் 1.4.18 பதிப்பு இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில், 2018-இல் வந்த 2.28-இல் அது உடைந்தது, மறுபடி 2.34-இல் வேறு இடத்தில் உடைந்தது. இப்படி ஊரறிந்த மென்பொருள் என்றால் நீங்களே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், எம்4-க்கு 1.4.19 இருக்கிறது. அடுத்து டெபியனின் மூலப் பொதியை இறக்கி, அதிலிருக்கும் பேட்சஸ் ஃபோல்டரைத் திறங்கள். ஒவ்வொரு புதிய ஜிசிசிக்கும் ஆயிரக்கணக்கான பொதிகளைக் கட்டிப் பார்த்து, உடைந்ததைத் திருத்தி அங்கே வைத்திருக்கிறார்கள். தேடுபொறியைவிட எனக்கு அதிகம் உதவியது அந்த ஃபோல்டர்தான்.

டர்போ சி நிரல்கள்

நம் கல்லூரிகளில் டர்போ சி++ பல வருடம் ஓடியதால் இவையும் வரும். கோனியோ ஹெடரையும் திரையைத் துடைக்கும் வரியையும் எடுத்துவிடுங்கள். வாய்டு மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். ஐஓஸ்ட்ரீம் ஹெடரின் பெயரிலிருந்து டாட் எச்சை எடுத்து, கீழே 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' சேருங்கள். ரேண்டம்(10) என்று இருந்தால் லினக்ஸின் ரேண்டம் ஆர்க்யுமென்ட் வாங்காது. ரேண்ட் எடுத்து 10-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: டர்போவில் இன்ட் 2 பைட். 32767-ஐத் தாண்டினால் மைனஸுக்குப் போகும் என்பதை நம்பி எழுதிய ஹாஷ் அல்லது ரேண்டம் நம்பர் ரூட்டீன் இருந்தால் அங்கே இன்ட்16_டி போடுங்கள்.

பழைய கம்பைலரையே கொண்டுவருவது

சில நேரம் இதுதான் சரியான வழி. கட்டுரைக்கு வந்த மறுபார்வையாளர் ஒரு எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறார், நாளைக்குள் வேண்டும் என்றால் நிரலைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. உபுண்டு 22.04-இல் ஜிசிசி 9, 10 இரண்டையும் இருக்கும் 11-க்குப் பக்கத்திலேயே நிறுவலாம், மோதாது. இன்னும் பழையது வேண்டுமென்றால் டாக்கரில் (தனிச் சூழலை எழுப்பும் கருவி) டெபியன் 8-ஐ இறக்கினால் ஜிசிசி 4.9 கிடைக்கும், அதன் பொதிகள் இப்போது டெபியனின் ஆர்க்கைவ் சர்வரில் இருப்பதால் சோர்ஸ் லிஸ்ட்டை அங்கே திருப்ப வேண்டும்.

நேரம் இருந்தாலும் நான் இந்தப் பழைய சூழலை எப்படியும் ஒரு முறை எழுப்புவேன். காரணம், ஒப்பிட ஒரு விடை வேண்டும். பழைய கம்பைலரில் ஒரு சிறிய இன்புட்டை ஓட்டி வெளியீட்டைச் சேமிக்கிறேன். கைடிடம் பழைய அச்சு வெளியீடு ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது, கேட்டு வாங்குங்கள். பலர் ஃபைலில் போட்டு வைத்திருப்பார்கள். பிறகு திருத்திய நிரலைப் புதிய கம்பைலரில் முதலில் '-ஓ0' வைத்து, அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டி அதே இன்புட்டை ஓட்டுகிறேன். ஃபோர்ட்ரானுக்கு '-எஃப்செக்=ஆல்', சி-க்கு '-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்டு' சேர்த்தால் அணி எல்லை தாண்டும் இடங்களை வரி எண்ணோடு காட்டும். அது சுத்தமான பிறகுதான் '-ஓ2' (இந்த ஓ பெரிய எழுத்து, இரண்டு இடத்திலும்).

எண்கள் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 32 பிட் இன்டெலில் பழைய ஜிசிசி கணக்கை 80 பிட் அகல ரெஜிஸ்டர்களில் போட்டது. 64 பிட்டில் 64 பிட்டாகவே போடுகிறது. டபுளில் கடைசி ஓரிரு இலக்கங்கள் மாறுவது இயல்பு. ஆனால் அதே சிறிய இன்புட்டில் நான்காவது இலக்கத்திலேயே வேறுபட்டால் அதை ரவுண்டிங் என்று சொல்லித் தள்ளக் கூடாது. '-ஓ0'-இல் ஒத்துப்போய் '-ஓ2'-இல் மாறினால் மதிப்புக் கொடுக்காத மாறியையோ எல்லை தாண்டும் அணியையோ தேடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி தவறாக வந்தால் 72-ஆம் காலத்துக்கும் 4 பைட் மாறிலிகளுக்கும் திரும்பிப் போங்கள்.

எல்லாம் முடிந்த பின் ரீட்மீ ஃபைலில் எழுத வேண்டியவை: எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்தக் கம்பைலர் பதிப்பு, முழு ஃபிளாக் வரி, ஒவ்வொரு ஃபிளாக்கும் எதற்கு என்று அரை வரி, அந்தச் சிறிய இன்புட், அதற்கு வர வேண்டிய வெளியீடு. மேக்ஃபைலில் 'டெஸ்ட்' என்று ஓர் இலக்கு வைத்து இரண்டையும் தானாக ஒப்பிடும்படி செய்துவிடுங்கள். துறையில் அடுத்து சேரும் மாணவர் மேக் டெஸ்ட் என்று அடித்துப் பார்த்துக்கொள்வார்.